நீங்கள் விட்டுவிடச் சொன்ன கட்டுரைகள்

நாவல் படிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது, மேடம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டில் படிப்பெல்லாம் என் மனைவியின் இலாகா. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறிப்போனால் நான் போடும் டீயை யாராலும் குடிக்க முடியாது. அவள் உள்ளே தூங்குகிறாள். மத்தியான மாத்திரை போட்டால் சாயங்காலம் வரைக்கும் அசைய மாட்டாள். நாம் தாராளமாகப் பேசலாம்.

வாசகர் வட்டத்தின் சார்பில் அவளுடைய கட்டுரைகளைப் புத்தகமாகப் போடப்போகிறோம் என்று நீங்கள் சொன்னதும் எனக்கு ரொம்பச் சந்தோஷம். சமீபத்தில் படித்த நாவலைப் பற்றி மாதாமாதம் உங்கள் இதழில் அவள் எழுதியதற்கு இப்படியொரு மரியாதை வரும் என்று நான் நினைக்கவில்லை. அதிலும் செயலாளர் நீங்களே வீடு தேடி வந்திருக்கிறீர்கள். ஆனால் ஒன்று சொன்னீர்கள். கடைசியாக அனுப்பியவற்றை மட்டும் விட்டுவிடலாம், அப்போதே அவருக்கு ஞாபகம் பிசக ஆரம்பித்துவிட்டது, நாவலில் இல்லாததையெல்லாம் இருப்பதாக எழுதியிருக்கிறார், அச்சில் வந்தால் அவருக்குத்தான் அவமானம் என்றீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். அதனால்தான் உங்களிடம் சொல்லத் தோன்றுகிறது. அந்தக் கட்டுரைகளில் ஒரு பிசகும் இல்லை. தன் காதில் விழுந்ததைத்தான் அவள் எழுதினாள்.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இருக்கிறதை இருக்கிறது என்பாள், இல்லாததை இல்லை என்பாள். டாக்டரே வந்து, "கொஞ்சம் பாத்துப் போடுங்கம்மா, தெரிஞ்ச குடும்பம்," என்று இழுத்தாலும், "ஸ்லைடுல என்ன இருக்கோ அதுதான் சார் ரிப்போர்ட்ல வரும்," என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். நாவலையும் அதே கண்ணோடுதான் பார்த்தாள். எழுதியவர் எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். ஒரு நாவலில் பக்கம் பக்கமாக மழை பெய்தது. 'ஆசிரியர் நன்றாக மழை பெய்ய வைக்கிறார், ஆனால் ஒருவர்கூட நனையவில்லை' என்று எழுதினாள். இன்னொன்றில் கதாநாயகன் காதலிக்காக உருகி உருகிப் பேசுகிறான். 'இவன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு பேசுகிறான், எதிரில் பெண் இருப்பதாக ஆசிரியர்தான் நம்புகிறார்' என்றாள். உங்கள் வட்டத்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவள் சிரிக்க மாட்டாள். அவளுக்கு அது வேடிக்கை இல்லை.

ஓய்வு பெற்ற அடுத்த வருஷமே கண் போனது. முழுக்கப் போகவில்லை. நேரே பார்த்தால் நடுவில் மட்டும் அழித்துவிட்ட மாதிரி இருக்கும், ஓரம் தெரியும். "உங்க காது தெரியுது, மூக்கு எங்க போச்சுன்னு தெரியலை," என்பாள். டம்ளர், நாற்காலி, வாசற்படி எல்லாவற்றையும் சமாளித்துக்கொண்டாள். எழுத்துதான் கைவிட்டுப் போனது. மகள் வெளியூரிலிருந்து வந்து, வாசித்துக்காட்டும் குரல் ஒன்றைப் போனில் போட்டுக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது சாவுச் சேதியையும் சமையல் குறிப்பையும் ஒரே மாதிரி சொல்லுது, எனக்கு வேண்டாம்," என்று அணைத்துவிட்டாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீங்க படிங்களேன்," என்றாள்.

எனக்குக் குரல்தான் சோறு போட்டது, மேடம். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளனாக இருந்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, சீட்டில் என்ன எழுதித் தருகிறார்களோ அதை வாசிக்கிற வேலை. வண்டி வழியில் பழுதாகி நின்றுவிட்டது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும் என்று வாசிக்கச் சொல்வார்கள், வாசிப்பேன். ஜனங்கள் தோளில் ஏற்றிய மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்வார்கள். ஒருவர்கூடக் கூண்டுக்கு வந்து சண்டை போட்டதில்லை. பதறாமல், இழுக்காமல் சொன்னால் மனிதர்கள் எதையும் நம்புவார்கள். இப்போதுகூட நான் உப்பு கேட்பதே அறிவிப்பு மாதிரி இருக்கிறது என்று மகள் கிண்டல் செய்வாள்.

சாப்பாடு முடிந்ததும் இதோ இந்த ஜன்னலோரம் உட்காருவோம். அவள் கண்ணை மூடி, காலை நீட்டிக்கொண்டு கேட்பாள். நடுநடுவே, "இந்த ஆளு பொய் சொல்றான், பாருங்க," என்பாள். இரண்டு அத்தியாயம் தாண்டி அவன் பொய் சொன்னது வெளிவரும். கட்டுரையை அவள் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்து உங்களுக்கு அனுப்புவேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் அவ்வளவு பேசிக்கொண்டதே இல்லை. கண் போனதற்காக நான் சந்தோஷப்பட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் அந்த மாதங்கள் நன்றாக இருந்தன.

முதல் தடவை நான் விட்டது இரண்டே பக்கம். மலையோர ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்க்கும் நர்ஸைப் பற்றிய நாவல். நடுவில் அந்த நர்ஸின் குழந்தை காய்ச்சலில் இறந்துபோகிறது. பக்கத்தைத் திருப்பும்போதே எனக்குக் கண்ணில் பட்டுவிட்டது. எங்களுக்கும் மகளுக்கு முன்னால் ஒரு பையன் இருந்தான், மேடம். ஒரு வயது நிறையவில்லை. அந்தப் பேச்சை இந்த வீட்டில் எடுப்பதே இல்லை. அதனால் அந்தப் பக்கங்களைத் தாண்டி, காய்ச்சல் விட்டுவிட்டது என்று ஒரு வரியை நானே சேர்த்து வாசித்தேன். அப்புறம் குழந்தை வந்தாக வேண்டிய இடங்களிலெல்லாம் அதைத் தொட்டிலில் தூங்க வைத்துவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்தவள் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டாள். குழந்தையைக் கொன்று கண்ணீர் வாங்கும் மலிவான வேலையை இந்த ஆசிரியர் செய்யவில்லை என்று பாராட்டி எழுதினாள். அது அச்சிலும் வந்தது. உங்கள் வட்டத்தில் அந்த நாவலை வேறு யாரும் படித்திருக்கவில்லை போல, ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாவல் படிக்கிற பழக்கம் இல்லை என்றேன். எழுதியிருக்கிறேன். ஒன்றே ஒன்று. வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் கூண்டுக்குள் உட்கார்ந்து வருஷக்கணக்கில் எழுதியது. முடித்ததும் அவளிடம்தான் கொடுத்தேன். வேறு யாரிடம் கொடுப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் படித்து முடித்துவிட்டாள். நான் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு நிற்கும்போது வந்து சொன்னாள்.

"எல்லாரும் வர்றாங்க, பேசுறாங்க, போறாங்க. ஒருத்தருக்கும் உயிர் இல்லங்க. இதை வெளியில குடுத்துடாதீங்க, சிரிப்பாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. என் நல்லதுக்குத்தான் சொன்னாள். நானும் சிரித்துவிட்டு, நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பரணில் தூக்கிப் போட்டுவிட்டேன். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அந்த நாவலில் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வேன்.

பேருந்து நிலையத்துக்கு எதிரில் லாட்ஜ் நடத்தும் ஒரு பெண்ணைப் பற்றிய நாவலை வாசித்துக்கொண்டிருந்தோம். ஓரிடத்தில் கதை நொண்டியது. அவள் கொட்டாவி விட்டாள். அந்த நேரம் பார்த்து என் நாவலில் இருந்த கிழவர் என் வாயில் வந்துவிட்டார். தினமும் நிலையத்துக்கு வந்து, ஒரு குறிப்பிட்ட ஊருக்கு வண்டி எப்போது என்று கேட்பார். சொன்னால் நன்றி சொல்வார். வண்டி வரும், ஏறாமல் வீட்டுக்குப் போய்விடுவார். அந்த ஊரில் அவர் மகன் இருக்கிறான், வா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டதில்லை. ஒருநாள் கிழவர் வரவில்லை. அன்றைக்கு அறிவிப்பாளன் அந்த வண்டியின் நேரத்தை, கேட்க ஆளே இல்லாமல், இரண்டு தடவை சொல்கிறான். அவ்வளவுதான் அந்த இடம். அவள் கையைத் தூக்கினாள்.

"நிறுத்துங்க. அதை இன்னொரு தடவை படிங்க."

படித்தேன். புத்தகத்தைப் பார்த்தபடியேதான் படித்தேன். அவள் மூடிய கண்ணோரத்திலிருந்து தண்ணீர் வழிந்து காதுப்பக்கம் போனது. "பாருங்க, இதுதான் எழுத்து," என்றாள்.

என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை, மேடம். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். சொன்னால் அவள் ஸ்லைடை மறுபடி எடுத்து வைத்துப் பார்ப்பாளே என்று தோன்றியது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நாளைக்கு என்பது தள்ளிக்கொண்டே போனது.

அடுத்த கூட்டத்தில் நீங்களும் இருந்தீர்கள். நூலக மாடியில், மின்விசிறி கிறீச்சிடுமே, அந்த அறை. கட்டுரை அதற்குள் இதழில் வந்துவிட்டது. அவள் எழுந்து நின்று அந்தக் கிழவரைப் பற்றியே பேசினாள். நாவலுக்கு உயிரே அவர்தான், மற்றதெல்லாம் அவரைச் சுற்றிக் கட்டிய சாரம் என்றாள். மருந்துக்கடைக்காரர் தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினார். நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு ஒன்றுமில்லை.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. நான் அந்த நாவலை ரெண்டு தடவை படிச்சேன். அப்படி ஒரு கிழவர் வரவே இல்லையே."

"நல்லாப் பாருங்க தம்பி. லாட்ஜ் அம்மா ஜன்னல்கிட்ட நிக்கிற இடத்துல வருவாரு."

அவர் கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பின்வரிசையில் யாரோ, "வேற எதோடயோ கலந்துட்டாங்க போல," என்றார்கள். லேசாகச் சிரிப்பு எழுந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. நான் உட்கார்ந்திருந்த திசைக்குத் திரும்பி, "நீங்கதானே படிச்சீங்க, சொல்லுங்க," என்றாள். எவ்வளவு நம்பிக்கையோடு கேட்டாள் தெரியுமா.

ஒரு வார்த்தை போதும். அது நான் சேர்த்தது என்று சொல்லியிருந்தால் நாலு பேர் சிரித்திருப்பார்கள், அவள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டாள், அதோடு முடிந்திருக்கும். ஆனால் எழுதியது நான்தான் என்று தெரிந்த நிமிஷமே, இதுதான் எழுத்து என்று சொன்னதை அவள் திருப்பி வாங்கிக்கொள்வாள். ஓ, அது நீங்களா என்று அவள் உதட்டைச் சுழிப்பது எனக்கு அங்கேயே தெரிந்தது. அதனால், "இல்லம்மா, நான் படிச்சதுல அப்படி யாரும் வரலை," என்றேன். கூண்டுக்குள் பேசுகிற குரலில்தான் சொன்னேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நீங்கள்தான் எழுந்து வந்து அவளைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தீர்கள்.

வரும் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், அந்த இடத்தை மறுபடி படிக்கச் சொன்னாள். புத்தகத்தில் உள்ளபடியே படித்தேன், ஓர் எழுத்து பிசகவில்லை. கிழவர் வரவில்லை. இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். வரவில்லை.

"அவர் நன்றி சொன்ன விதம்கூட எனக்கு ஞாபகம் இருக்கே," என்றாள்.

"கேக்கும்போது கண்ணசந்திருப்பே. கனவு கண்டிருப்பே," என்றேன்.

அவள் சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். அலமாரியில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, இது சர்க்கரை, இது உப்பு என்று தனக்குத்தானே சொல்லி, திறந்து நாக்கில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றில்கூடத் தப்பு வரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையாகவே அழுதேன், மேடம்.

விஷயம் கேட்டு மகள் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தாள். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை. படத்தைக் காட்டிக் கேட்ட கேள்விகளுக்கு அவளால் பதில் சொல்ல முடியவில்லை, படம் தெரிந்தால்தானே. மற்றதையெல்லாம் டாக்டர் என்னிடம்தான் கேட்டார். நடக்காததை நடந்ததாகச் சொல்கிறார்களா என்றார். சில சமயம் என்றேன். சொன்னதில் பிடிவாதமாக நிற்கிறார்களா என்றார். முன்னால் நிற்பாள், இப்போது குறைந்திருக்கிறது என்றேன். ஆரம்ப நிலை என்று மாத்திரை எழுதினார். எதிர்த்துப் பேசாதீர்கள், சொல்வதற்கு ஆமாம் போட்டுக்கொண்டு போங்கள் என்று எங்கள் இருவரிடமும் தனியாகச் சொன்னார். மாத்திரை கொடுப்பதில் நான் ஒருநாளும் தவறியதில்லை. பிறகு அளவைக் கூட்டியபோதும் சரி.

அதற்குப் பிறகாவது உள்ளதை உள்ளபடி வாசித்திருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். வாசித்துப் பார்த்தேன். ஒரு நாவல் முழுக்க, ஒரு சொல் சேர்க்காமல். முடிந்ததும், "சுமாரா இருக்குங்க," என்றாள். அவ்வளவுதான். எனக்கு வீடே வெறிச்சென்று ஆகிவிட்டது. அடுத்த நாவலில் என் நாவலின் பெண் நடத்துநரைக் கொண்டுவந்தேன். சில்லறை இல்லை என்று தினமும் ஒரே ஆளை இறக்கிவிடுகிறவள், அவன் வராத நாளில் தன் சில்லறையைப் போட்டு அவனுக்கு டிக்கெட் கிழித்து வைக்கிறாள். கேட்டுக்கொண்டிருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அதற்கடுத்ததில் இரண்டு அண்ணன் தம்பிகள். இப்படி மாதம் ஒன்றாகப் பரணிலிருந்து என் ஆட்கள் எல்லாரும் இறங்கி வந்தார்கள். உயிர் இல்லை என்று சொன்னாளே, அதே ஆட்கள்தான். ஒருத்தரைக்கூட அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒவ்வொரு தடவையும், "இது நிஜமாவே அதுல இருக்குல்ல? நானா நினைச்சுக்கலையே?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். "இருக்கும்மா, நீ தைரியமா எழுது," என்பேன். எழுதினாள். எனக்கு வந்த விமர்சனங்கள் அவை. அடித்து உங்களுக்கு அனுப்பினேன். நீங்கள் போடவில்லை. பாவம், முற்றிக்கொண்டு வருகிறது போல என்று மகளிடம் போனில் சொன்னீர்கள், மகள் டாக்டரிடம் சொன்னாள். ஆனால் அவள் மனம் நோகக் கூடாதே என்று, இதழைக் கையில் விரித்துப் பிடித்து, அச்சில் வந்த மாதிரியே அவள் கட்டுரையை அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

அது கெட்டது மகளால்தான். போன விடுமுறைக்கு வந்திருந்தபோது, நாங்கள் வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தை எடுத்துப் பார்த்திருக்கிறாள். நேரே கூடத்துக்கு வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா சொல்ற எதுவுமே இதுல இல்லையேப்பா. நீங்க ஏன் இருக்குன்னு சொல்றீங்க?"

"டாக்டர் சொன்னதுதானேம்மா. எதிர்த்துப் பேசக் கூடாதுன்னு."

சொல்லிவிட்டுத் திரும்பினால் அவள் கதவோரம் நிற்கிறாள். என்னை நேராகப் பார்க்க முடியாது என்பதால் முகத்தைச் சற்றுத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றாள். ஆக, இத்தனை மாதமாக நான் ஒப்புக்குத்தான் ஆமாம் போட்டுக்கொண்டிருந்தேன் என்று அவள் புரிந்துகொண்டாள். மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவள் அழவில்லை. "பரவாயில்ல விடு, அப்பா என்ன பண்ணுவாரு," என்றாள். என்னைக் குறை சொல்லவே இல்லை. அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். மகள் முன்னால் எப்படிச் சொல்வது.

மகள் ஊருக்குப் போனபின் என் நாவலின் கடைசி அத்தியாயம் பாக்கி இருந்தது. இருப்பதில் அதுதான் நன்றாக வந்தது என்று நான் நினைக்கிறேன். நிதானமாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். அவள் கையைத் தூக்கவில்லை. முடித்துவிட்டு, எப்படி இருந்தது என்று கேட்டேன். முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"எனக்கு இது பிடிச்சுதாங்க?" என்று கேட்டாள்.

"ரொம்பப் பிடிச்சுது," என்றேன்.

"அப்படின்னா அப்படியே எழுதிடுங்க."

உங்களிடம் இருப்பதில் கடைசிக் கட்டுரை அப்படி எழுதியதுதான். நடை கொஞ்சம் மாறியிருக்கும், பாராட்டும் கொஞ்சம் அதிகம். அதற்குப் பிறகு அவள் எதைப் பற்றியும் கருத்து சொன்னதில்லை. மழை நனைக்கவில்லை என்று ஒரே வரியில் சொன்னவள், மேடம். சாப்பாட்டில் உப்பு போதுமா என்று கேட்டால்கூட, நீங்க சொல்லுங்க என்கிறாள். நான் எழுதியதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே வாசகி போய்விட்டாள். சில நாள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தூங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பேன். நெஞ்சு வலிக்கிறது. இதையெல்லாம் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்.

அதனால்தான் கேட்கிறேன், அந்தக் கட்டுரைகளை விட்டுவிடாதீர்கள். வேண்டுமானால் பழையதில் நாலைந்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இவற்றை வரிசையாகப் படித்தால் எல்லாம் ஒரே நாவலைப் பற்றியது என்று புரிந்துவிடும். அவள் வாழ்க்கையிலேயே மனசார எழுதியது இவைதான். முன்னுரையில் என் பெயரைப் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

டீயை அப்படியே வைத்துவிட்டீர்களே.

உள்ளே போய் அவளை எழுப்பி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று உங்களுக்கு இருக்கிறது. போங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். அவளுக்கு உங்கள்மேல் மரியாதை உண்டு, கடைசிவரை பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். கேட்டுவிட்டு, "இருங்க, அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்," என்று என்னைக் கூப்பிடுவாள். இப்போதெல்லாம் வெளியில் வெயில் அடிக்கிறது என்பதையே நான் சொன்னால்தான் நம்புகிறாள். பாவம், அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.